புரட்டாசியில் ஒரு கிண்ணக் கஞ்சி

வெளிநாட்டுப் பயணத்துக்காகக் கம்பெனி கொடுத்த படிவத்தில் சாப்பாட்டுக்கு இரண்டே கட்டங்கள்தான் இருந்தன. ஒன்று சைவம், இன்னொன்று அசைவம். நான் அசைவத்தில் டிக் அடித்து, பக்கத்தில் 'மாடு, பன்றி வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்தேன். ஆனி மாதத்தில் அது உண்மைதான்.

எங்கள் பக்கத்து ஆட்களைத் தெரிந்தவர்களுக்கு இதில் உள்ள வில்லங்கம் உடனே புரிந்துவிடும். நாங்கள் கறி தின்கிறவர்கள்தான், ஆனால் இன்றைக்கு இல்லை. வெள்ளி, சனி கிடையாது. அமாவாசை, கிருத்திகை கிடையாது. வீட்டில் யாராவது மாலை போட்டுவிட்டால் கழற்றும் வரை கிடையாது. புரட்டாசி பிறந்தால் கறிக்கடைக்காரர் மாதம் முழுக்க ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் வருஷத்தில் பாதி நாள் நாங்கள் சைவம். மீதிப் பாதியில் அதற்கும் சேர்த்துத் தின்றுவிடுவோம். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

எனக்கு ஊர் தாமல் பக்கம். ஏரித் தண்ணீரில் நெல் வைக்கிற குடும்பம். டிப்ளமோ முடித்துவிட்டு, ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். கார் கதவின் தகட்டை அடிக்கிற பெரிய இரும்பு அச்சுதான் என் வேலை. டை என்போம். புது டை ஒன்றைக் கொரியாவில் ஒரு பட்டறையில் செய்துகொண்டிருந்தார்கள். அதைக் கப்பலேற்றுவதற்கு முன்னால் இங்கிருந்து ஓர் ஆள் போய், நாலைந்து நாள் தகடு அடித்துப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட வேண்டும்.

முறைப்படி போக வேண்டியவர் நான் இல்லை. என்னைவிட ஆறு வருஷம் சீனியர் ஒருவர் இருந்தார். சின்ன காஞ்சிபுரத்துக்காரர், வெங்காயத்தைக்கூட யோசித்துத்தான் சாப்பிடுவார். மேனேஜர், "அவர அனுப்புனா அங்க தயிர் சாதத்துக்கு யாருபா அலையறது? எல்லாம் துன்ற ஆளா அனுப்பு" என்று சொல்லி என் பேரைப் போட்டார். ஆக, நான் விமானம் ஏறியது பாதி வேலை தெரிந்ததால், மீதிப் பாதி நாக்கு நீளத்தால். சீனியர் மனதில் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. கிளம்புகிற வாரம் ஒரு பாட்டிலில் புளிக்காய்ச்சல் கொண்டுவந்து கொடுத்து, "வெச்சுக்கோப்பா, சமயத்துக்கு உதவும்" என்றார்.

நடுவில் இரண்டு காரியங்கள் நடந்துவிட்டன. ஆடி மாதம் என் மனைவிக்கு நாலாவது மாதம் என்று டாக்டர் உறுதியாகச் சொன்னார். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். அதற்குமுன் இரண்டு தடவை தங்கி, இரண்டு தடவையும் மூன்று மாதம் தாண்டாமல் போயிருந்தது. இந்தத் தடவை தாண்டியது. அவள் வீட்டிலேயே தறி நெய்கிறவள். இனி தறியில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொன்னதும், பாதி நெய்த புடவையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். நான் திருப்புட்குழிக்குப் போய்ப் பெருமாள் முன்னால் நின்று, வருகிற புரட்டாசி முழுக்க ஒரு வேளைகூடக் கவுச்சி தொடமாட்டேன், பிள்ளையை மட்டும் கொடுத்துவிடு என்று வேண்டிக்கொண்டேன். அதுவரை நான் புரட்டாசியை ஒழுங்காக முடித்த ஆள் இல்லை. மூன்றாவது சனிக்கிழமை பெருமாளுக்குத் தளிகைப் படையல் போட்டதும், கடமை முடிந்தது என்று ஞாயிற்றுக்கிழமை மீன் மார்க்கெட்டில் நிற்பேன். அதனால்தான் முழு மாதமாக வேண்டிக்கொண்டேன்.

இரண்டாவது காரியம், ஆவணியில் போக வேண்டிய பயணம் மூன்று முறை தள்ளிப்போய் நேராகப் புரட்டாசியில் வந்து விழுந்தது. படிவத்தை மாற்றிக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால், எல்லாம் தின்கிற ஆள் என்ற என் ஒரே தகுதியும் போய்விடும். அப்புறம் எதற்கு நான்? வாயை மூடிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

கொரியாவில் என்னைப் பார்த்துக்கொள்ளப் பட்டறையின் சூப்பர்வைசரைப் போட்டிருந்தார்கள். அறுபதை நெருங்குகிறவர், ஒல்லியாக, விறைப்பாக இருப்பார். ஆங்கிலம் இரண்டு பேருக்கும் தகராறு. அவர் கொரிய மொழியில் செல்போனிடம் பேசுவார், செல்போன் செய்தி வாசிக்கிறவர் குரலில் தமிழில் சொல்லும். "நீண்ட பயணத்தினால் தாங்கள் களைப்படைந்திருப்பீர்கள்" என்று முதல் நாள் அது சொன்னபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் கூடச் சிரித்தார், எதற்கென்று தெரியாமலே.

அன்று சாயங்காலம் அவர் என்னை ஒரு கடைக்கு அழைத்துப்போனார். மேசைக்கு நடுவில் கரி அடுப்பு. அதன்மேல் கம்பிகளில் கோத்த ஆட்டுக்கறித் துண்டுகள் தானாகச் சுழன்று வெந்துகொண்டிருந்தன. தொட்டுக்கொள்ள மிளகாய்த்தூளும் சீரகமும். சீரகம் கருகுகிற அந்த வாசனை எனக்குக் கொரியாவின் வாசனையாகவே இல்லை. ஆற்காட்டுப் பக்கம் கபாப் கடை வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது. வாயில் எச்சில் ஊறியது. சூப்பர்வைசர் செல்போனை நீட்டினார். "தாங்கள் மாடும் பன்றியும் உண்ண மாட்டீர்கள் என்று படித்தேன். ஆட்டிறைச்சி கிடைக்கும் இடத்தை ஒரு வாரமாகத் தேடினேன். ஐந்து நாட்களுக்கும் இந்த மேசையை முன்பதிவு செய்துள்ளேன்" என்றது அது.

ஐந்து நாளும்! எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த மனிதர் முகத்தைப் பார்த்து, நான் இன்னும் மூன்று வாரத்துக்குச் சைவம் என்று எப்படிச் சொல்வது? என் நாக்கில் சனி உட்கார்ந்தது. வயிற்றைத் தொட்டுக் காட்டி, "வயிறு சரியில்லை" என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. வெந்த கறி எதிரே கருகிக்கொண்டிருக்க, சீனியர் கொடுத்த புளிக்காய்ச்சல் அறைப் பெட்டியில் கிடக்க, வெள்ளைச் சோற்றை உப்புப் போட்டுத் தின்றுவிட்டு அறைக்குத் திரும்பினேன்.

மறுநாள் காலை அவர் கையில் ஒரு பிளாஸ்க் இருந்தது. மூடியைத் திறந்ததும் நல்லெண்ணெய் வாசனையோடு ஆவி எழுந்தது. குழையக் காய்ச்சிய அரிசிக் கஞ்சி, லேசான பச்சை நிறத்தில். "என் மனைவி செய்தது. வயிறு சரியில்லாதவர்களுக்கு எங்கள் நாட்டில் இதைத்தான் தருவோம்." வயிறு சரியில்லாதவனுக்கு ராத்திரியிலிருந்து அகோரப் பசி. கஞ்சியில் மெலிதாக நறுக்கிய துண்டுகள் கிடந்தன. காளான் என்று நினைத்துக்கொண்டேன். மெல்ல மெல்ல ருசியாக இருந்தது. கிண்ணத்தை வழித்துத் தின்றேன். சூப்பர்வைசர் காலிக் கிண்ணத்தைப் படம் எடுத்து மனைவிக்கு அனுப்பினார்.

அதற்கு மறுநாள், புதன்கிழமை, டை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது என் மாமியார் போன் செய்தார். நம் ஊரில் அப்போதுதான் விடிந்திருக்கும். "பதறாதீங்க மாப்ள. அவளுக்கு நேத்துலந்து அடிவயிறு வலிச்சிக்கினு இருக்குது. விடியங்காட்டி பாத்தா லேசா ரத்தம் பட்டிருக்குது. ஆஸ்பத்திரில சேத்துட்டோம். ஸ்கேன் எடுக்கணும்னு சொல்லிக்கினு இருக்காங்க" என்றார். பதறாதீங்க என்று ஆரம்பித்தால் யார் பதறாமல் இருப்பார்கள்?

நேற்றிலிருந்து என்று சொன்னாரே, அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. நேற்று நான் என்ன செய்தேன்? கஞ்சி குடித்தேன். அந்தக் காளான், காளான்தானா?

சூப்பர்வைசரிடம் போய் அவர் கையிலிருந்த செல்போனை வாங்கி, "நேத்து கஞ்சில இன்னா போட்ட?" என்று கேட்டேன். கோபத்தில் மரியாதை போய்விட்டது. செல்போன் அதை எந்த மரியாதையில் சொன்னதோ தெரியாது, அவர் முகம் மலர்ந்தது. "கடலில் மூழ்கி எடுக்கும் ஒருவகைச் சிப்பியின் சதை. மிகவும் சத்தானது. என் மனைவி அதிகாலையில் சந்தைக்குச் சென்று உயிருடன் வாங்கி வந்தார்."

எனக்குக் கோபம் வந்தால் நாக்கு என் பேச்சைக் கேட்காது. வீட்டிலும் அதற்காகத் திட்டு வாங்குகிறவன். அன்றைக்குச் சொன்னதை இப்போது எழுதவும் வெட்கமாக இருக்கிறது. பெருமாள், வேண்டுதல், ஆறாவது மாதம், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, "உங்க வீட்டுக் கஞ்சியாலதான் என் பொண்டாட்டி அங்க கெடக்குறா" என்று முடித்தேன். செல்போன் நிதானமாக, தெளிவாக, ஒரு சொல் விடாமல் அதைக் கொரிய மொழியில் படித்தது.

அவர் இடுப்பு மடிய ஒரு முறை குனிந்தார். நிமிர்ந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "படிவத்தில் தாங்கள் ஏன் எழுதவில்லை?" அதற்குச் செல்போன் தேவைப்படாத பதில்தான் என்னிடம் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன்.

மத்தியானம் கேன்டீனுக்கு அவரே கையைப் பிடித்து அழைத்துப்போனார். உள்ளே சமையல்காரர் பக்கத்தில் நின்று, தனிப் பாத்திரத்தில் ஏதோ செய்யவைத்துக் கொண்டுவந்தார். சோறும், முளைகட்டிய பயறும். வெந்நீரில் போட்டு எடுத்து, உப்பும் நல்லெண்ணெயும் மட்டும் விட்டது. தனக்கும் அதையே வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். பக்கத்து மேசைகளில் எல்லோரும் பொரித்த கோழி தின்றுகொண்டிருந்தார்கள்.

விரல் நீளத்துக்கு வெள்ளை வெளேரென்று முளைவிட்டிருந்த அந்தப் பயற்றைப் பார்த்ததும் எனக்கு மனைவியின் ஞாபகம் வந்துவிட்டது. திருப்புட்குழிக் கோயிலில் வறுத்த பயறு கொடுப்பார்கள். பிள்ளை இல்லாத பெண்கள் ராத்திரி அதை மடியில் கட்டிக்கொண்டு படுக்க வேண்டும். வறுத்த பயறு காலையில் முளைவிட்டிருந்தால் பிள்ளை உண்டு. என் மனைவி மூன்று முறை கட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள். மூன்று முறையும் காலையில் எனக்கு முன்னால் எழுந்து, நான் பார்க்கும் முன்பே அவிழ்த்துவிடுவாள். முளைத்ததா என்று கேட்டால், "காப்பி ஆறுது, குடிங்க" என்பாள். நான் ஒருமுறைகூட வற்புறுத்திக் கேட்டதில்லை. கொரியாவில், அறிமுகமில்லாத நூறு பேர் நடுவில், பயற்றை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். சூப்பர்வைசர் என் தட்டில் இன்னும் கொஞ்சம் பயறு வைத்தார். வேறு என்ன செய்வார் பாவம்.

சாப்பிட்டு முடித்து வெளியே வந்தபோது, அவர் வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவர் பேசவில்லை, அந்தப் பக்கத்துப் பேச்சைக் கேட்டுக்கொண்டே இருந்தார். வீட்டுக்குத்தான் பேசுகிறார் என்று தெரிந்தது. எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. என் கவலை எனக்கு.

சாயங்காலம் என் மனைவியே கூப்பிட்டாள். குரலைக் கேட்டதும் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். ஸ்கேனில் குழந்தைக்கு ஒன்றும் இல்லை, துடிப்பு நன்றாக இருக்கிறது. நஞ்சுக்கொடி கொஞ்சம் கீழே இறங்கியிருப்பதால்தான் ரத்தம் பட்டிருக்கிறது. இனி பிரசவம் வரை படுத்த படுக்கையாக இருக்க வேண்டும். "ஆபத்து போச்சான்னு கேட்டா, டாக்டரம்மா முழுசா ஒன்னும் சொல்லமாட்டேங்குது. நாள் தள்ளத் தள்ள நல்லதுன்னு சொல்லுது" என்றாள்.

மறைக்க மனம் வரவில்லை. வயிற்றுவலி என்று சொன்ன பொய்யிலிருந்து கஞ்சி வரைக்கும் சொன்னேன்.

"தெரிஞ்சா துன்னீங்க?"

"இல்ல."

"அப்புறம் இன்னா? தெரியாம துன்னதுக்குலாம் பெருமாள் புள்ளைய புடுங்கிக்கினு போவாரா? அவ்ளோ அல்பமா அவரு? வயித்துவலின்னு பொய் சொன்னீங்க பாரு, அதுக்கு வேணா தலைல ஒரு குட்டு குட்டுவாரு."

எனக்கு அவள் அளவுக்குத் தைரியம் கிடையாது. ஆனாலும் அந்தப் பேச்சில் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அதோடு விட்டிருப்பாள் என்று நினைத்தேன். விடவில்லை.

"கஞ்சி காச்சுன அம்மாகிட்ட இன்னா சொன்னீங்க?"

"அவங்ககிட்ட ஒன்னும் சொல்லல. வூட்டுக்காரர்கிட்டதான் சொன்னேன்."

"இன்னா சொன்னீங்க?"

சொன்னேன். உங்கள் வீட்டுக் கஞ்சியால்தான் என்று சொன்னதையும் சொன்னேன்.

"அய்யய்யோ! இன்னாங்க நீங்க? அவரு வூட்ல போய் சொல்லியிருக்கமாட்டாரா? உடம்பு முடியாதவங்களுக்குன்னு விடியங்காட்டி எழுந்து மார்க்கெட்டுக்குப் போய் வாங்கியாந்து காச்சிருக்காங்க. ஒரு புள்ளைய நாமளே கொன்னுட்டமோன்னு அந்தம்மா இந்நேரம் துடிச்சிக்கினு இருக்கும்ங்க. எனக்குத் தெரியாதா அது எப்டி இருக்கும்னு? ரெண்டு தபா நானும் அப்டித்தான் நெனச்சிக்கினு கெடந்தேன், நான் இன்னா துன்னேன், இன்னா பண்ணேன்னு. போங்க. இன்னிக்கே போங்க."

பதினோரு வருஷத்தில் அவள் அதை என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. போனை வைத்துவிட்டுச் சுவரோரத்திலிருந்து எழுந்தேன்.

சூப்பர்வைசரிடம், உங்கள் வீட்டுக்கு என்னை அழைத்துப்போங்கள் என்று கேட்டேன். அவர் தயங்கி, வீட்டுக்கு ஒரு முறை பேசிவிட்டு, தலையாட்டினார். ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தில் நாலாவது மாடி. கதவைத் திறந்த அந்தம்மா என் மார்பு உயரம்தான் இருப்பார். கண் சிவந்து வீங்கியிருந்தது. என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மேசையில் எட்டுக் கிண்ணங்கள் வைத்திருந்தார். கீரை, கத்தரிக்காய், கேரட், முளைப்பயறு, எல்லாமே காய். நான் கையெடுத்துக் கும்பிட்டதும் அவர் அவசர அவசரமாக அடுப்புப் பக்கம் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

சூப்பர்வைசரின் செல்போனில் பேசினேன். "தப்பு உங்கள் மேல் இல்லை, நான்தான் பொய் சொன்னேன். உங்கள் கஞ்சி ரொம்ப ருசியாக இருந்தது. கிண்ணத்தை வழித்துத் தின்றேன்." செல்போன் படித்துக் காட்டியது. அந்தம்மா திரும்பவே இல்லை. செய்தி வாசிக்கிற குரலில் மன்னிப்புக் கேட்டால் யார்தான் நம்புவார்கள்?

எனக்கு வேறு வழி தெரியவில்லை. என் போனில் மனைவியை முகம் தெரிகிற மாதிரி கூப்பிட்டு, அந்தம்மாவின் முன்னால் நீட்டினேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தாள். கையில் ஊசி குத்தி பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அந்தம்மா அதைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அம்மா, அழாதீங்கம்மா. இதோ பாருங்க, நல்லாத்தான் இருக்கேன்" என்றாள் என் மனைவி. போனைத் தாழ்த்தி வயிற்றைக் காட்டினாள். "உள்ள எட்டி ஒதச்சிக்கினு இருக்குது. எனக்கும் அந்தக் கஞ்சி ஒரு கிண்ணம் வேணும்மா. புள்ளத்தாச்சி வாய தொறந்து கேக்கறேன், குடுக்கமாட்டேன்னு சொல்லக்கூடாது."

நான் அதைச் செல்போனுக்குப் புரிகிற தமிழில் திருப்பிச் சொன்னேன். கர்ப்பிணி உங்கள் கஞ்சி வேண்டும் என்று கேட்கிறாள், எங்கள் ஊரில் கர்ப்பிணி ஆசைப்பட்டுக் கேட்டால் மறுக்கக் கூடாது என்றேன். அது கொரிய மொழியில் முடிவதற்குள் அந்தம்மா என் போனை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழ ஆரம்பித்தார். அழுதுகொண்டே பேசினார். நிறுத்தாமல் பேசினார். என் மனைவியும், "ஆமாம்மா, ஆமாம்மா, சரிம்மா" என்று அந்தப் பக்கமிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் செல்போனை வைக்க எனக்கோ சூப்பர்வைசருக்கோ தோன்றவில்லை. நாங்கள் இரண்டு ஆம்பிளைகளும் கீரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அப்புறம் அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து என் கிண்ணத்தில் சோறு வைத்தார். நான் போதும் என்று சொல்ல, இன்னும் வைத்தார். எந்த மாதம் பிறக்கும் என்று செல்போனில் கேட்டார். எங்கள் கணக்கில் தை, உங்கள் கணக்கில் ஜனவரி கடைசி என்றேன். விரல்விட்டு எண்ணினார். "பிறந்தவுடன் எனக்குத் தெரிவிக்க வேண்டும். அதுவரை என்னால் உறங்க இயலாது" என்றது செல்போன். அந்தக் குரல் முதல் தடவையாக எனக்குச் சிரிப்பை மூட்டவில்லை.

டையில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஊர் திரும்பினேன். மிச்சமிருந்த புரட்டாசியையும் முடித்தேன். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் அவள் படுத்தே கிடந்தாள். ஒவ்வொரு நாளையும் பயந்து பயந்துதான் தள்ளினோம். தை மாதம் ஒரு மத்தியானம் நர்ஸ் வெளியே வந்து, பெண் குழந்தை, இரண்டு பேரும் சுகம் என்று சொன்னார். தாமலில் காத்திருந்த என் அம்மாவுக்குச் சொல்வதற்கு முன்னால், நான் கொரியாவுக்குத்தான் போன் போட்டேன்.